மெய்ப்பிப்புச் சுமையும் செயற்கை நுண்ணறிவும்: நலத்திட்ட நிர்வாகத்தில் தானியங்கி முடிவுகள் – ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

அரசு நலத்திட்டங்களில் தகுதியுடையோரைத் தெரிவதற்கும் தகுதியற்றோரை விலக்குவதற்கும் கணினிவழித் தானியங்கி முறைகள் பல நாடுகளில் பயன்படுகின்றன. நெதர்லாந்தின் குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகை விவகாரத்தையும் ஆஸ்திரேலியாவின் ‘ரோபோடெட்’ திட்டத்தையும் இக்கட்டுரை ஒப்பிட்டு ஆராய்கிறது. தொழில்நுட்பத்தால் வேறுபட்ட இவ்விரு முறைகளும் ஒரே வகையான தீங்கை விளைவித்தன. மெய்ப்பிக்கும் சுமை அரசிடமிருந்து குடிமக்களின் தலைக்கு மாறியதே அத்தீங்கின் வேர் என்பது இக்கட்டுரையின் கருதுகோள். அவ்வழியே செயற்கை நுண்ணறிவு ஆளுகையில் காரணம் கூறும் கடமையும், அக்காரணம் கூறப்படும் மொழியும் பெறும் இடம் விளக்கப்படுகிறது.

திறவுச்சொற்கள்: செயற்கை நுண்ணறிவு, ஆளுகை, தானியங்கி முடிவு, மெய்ப்பிப்புச் சுமை, நலத்திட்டம், காரணம் கூறல், நிர்வாகத் தமிழ்.

முன்னுரை

செயற்கை நுண்ணறிவு குறித்துத் தமிழில் வெளிவரும் எழுத்துகளைப் பெரும்பாலும் இருவகையாகப் பகுக்கலாம். எழுத்துணரி, பேச்சுணரி, இயந்திர மொழிபெயர்ப்பு முதலிய மொழித்தொழில்நுட்ப ஆக்கங்களைப் பேசுவன ஒருவகை. வேலையிழப்பு, படைப்புரிமை, பொய்ச்செய்தி ஆகியவை பற்றிய அச்சங்களைப் பேசுவன மற்றொரு வகை. இரண்டும் தேவையானவையே. எனினும், எளிய குடிமக்கள் தாம் விரும்பாமலும் சில வேளைகளில் தாம் அறியாமலும் கணினியின் தீர்ப்புக்கு உட்படும் இடமாகிய அரசு அலுவலகம் இவ்வெழுத்துகளில் குறைந்த கவனமே பெற்றுள்ளது. ஓய்வூதியம், உணவுப் பங்கீடு, உதவித்தொகை ஆகியவற்றை நம்பி வாழும் குடும்பத்திற்கு ஒரு மாதத் தொகை நின்றுபோவது சிறு செய்தியன்று. ஆதலின், செயற்கை நுண்ணறிவின் சமூக விளைவை அளக்க நலத்திட்ட நிர்வாகம் தகுந்த களமாகிறது.

தானியங்கி முடிவின் வகைகள்

நலத்திட்டங்களில் பயன்படும் கணினி முறைகள் அனைத்தும் செயற்கை நுண்ணறிவு என்னும் ஒரே பெயரால் இன்று சுட்டப்படுகின்றன. ஆய்வு நோக்கில் அவற்றை மூன்றாகப் பிரித்தறிதல் வேண்டும். முதலாவது தரவு ஒப்பீடு. ஒரு துறையின் பதிவை மற்றொரு துறையின் பதிவோடு பொருத்திப் பார்த்து முரண்பாடுகளைக் கண்டறிவது இது. இரண்டாவது விதிவழித் தானியக்கம். மனிதர் எழுதிய விதிகளைக் கணினி விலகாமல் நிறைவேற்றுவது இது. மூன்றாவது இயந்திரக் கற்றல். கடந்தகால எடுத்துக்காட்டுகளிலிருந்து கணினி தானே ஓர் ஒழுங்கைக் கண்டு, புதிய விண்ணப்பத்திற்கு ஐயமதிப்பெண் வழங்குவது இது. மூன்றாவதையே செயற்கை நுண்ணறிவு எனக் கொண்டு முதலிரண்டையும் ஆளுகை வரம்பிலிருந்து விலக்குவது எத்துணைப் பிழையாகும் என்பதைப் பின்வரும் இரு நிகழ்வுகளும் உணர்த்தும்.

நெதர்லாந்து: ஐயமதிப்பெண்ணின் ஆட்சி

நெதர்லாந்தில் பணிக்குச் செல்லும் பெற்றோருக்குக் குழந்தைப் பராமரிப்புச் செலவின் ஒரு பகுதியை அரசு உதவித்தொகையாக வழங்குகிறது. இதனை வழங்கும் பொறுப்பு வரித்துறையிடம் இருந்தது. முறைகேடுகளைக் கண்டறிய அத்துறை 2013ஆம் ஆண்டிலிருந்து தானே கற்கும் ஐயமதிப்பீட்டு முறை ஒன்றைக் கையாண்டது. முந்தைய விண்ணப்பங்களுள் சரியானவை, பிழையானவை என வகுக்கப்பட்டவற்றைக் கற்று, புதிய விண்ணப்பங்களுக்கு அது மதிப்பெண் இட்டது. விண்ணப்பதாரர் நெதர்லாந்துக் குடியுரிமை உடையவரா இல்லையா என்பதும் அம்மதிப்பெண்ணைத் தீர்மானிக்கும் கூறுகளுள் ஒன்றாகச் சில ஆண்டுகள் இருந்தது. 2020ஆம் ஆண்டில் அந்நாட்டின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் இதனைச் சட்டத்திற்குப் புறம்பானது, பாகுபாடு காட்டுவது என அறிவித்தது. 2021 டிசம்பரில் வரித்துறைக்கு 27.5 இலட்சம் யூரோ அபராதமும் விதித்தது.

உயர்ந்த ஐயமதிப்பெண் பெற்ற விண்ணப்பங்களை அலுவலர் ஒருவர் நேரில் ஆராய வேண்டும் என்பதே நடைமுறை. ஆகவே, மனிதக் கண்காணிப்பு இல்லையெனக் கூறுவதற்கில்லை. ஆயினும், அம்மதிப்பெண் எதனால் உயர்ந்தது என்னும் விளக்கம் அவ்வலுவலருக்கு வழங்கப்படவில்லை என்பதை அம்னஸ்டி இன்டர்நேஷனல் 2021ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கை எடுத்துக்காட்டியது. காரணம் அறியாத அலுவலர் ஐயத்தை மறுப்பதற்கும் வழியில்லை. பெற்றோருக்கு விளக்குவதற்கும் வழியில்லை.

இதனோடு சட்டத்தின் கடுமையும் சேர்ந்தது. ஆவணத்தில் ஒரு கையொப்பமோ பங்குத்தொகையின் சிறு பகுதியோ விடுபட்டிருப்பினும், ஆண்டு முழுமைக்கும் பெற்ற உதவித்தொகை அனைத்தையும் திருப்பிச் செலுத்துமாறு பெற்றோர் பணிக்கப்பட்டனர். பல்லாயிரம் யூரோ கடன் ஒரே கடிதத்தில் வந்து சேர்ந்தது. குடும்பங்கள் வீட்டையும் வேலையையும் இழந்தன. இவ்வாறு பாதிக்கப்பட்ட குடும்பங்களைச் சேர்ந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் பெற்றோரிடமிருந்து பிரித்து அரசுப் பராமரிப்பில் வைக்கப்பட்டதும் பின்னர் வெளிப்பட்டது. நாட்டின் உயர் நிர்வாக நீதி அமைப்பாகிய அரசவையும் 2019 அக்டோபர் வரை இக்கடும் பொருள்கோடலை ஏற்றே தீர்ப்பளித்து வந்தது. 2020 டிசம்பரில் நாடாளுமன்ற விசாரணைக்குழு தன் அறிக்கையை வெளியிட்டது. சட்ட ஆட்சியின் அடிப்படை நெறிகள் மீறப்பட்டன என்பது அதன் முடிவு. அதனைத் தொடர்ந்து 2021 ஜனவரி 15 அன்று பிரதமர் மார்க் ரூட்டேயின் அமைச்சரவை பதவி விலகியது.

ஆஸ்திரேலியா: வகுத்தல் கணக்கின் ஆட்சி

ஆஸ்திரேலியாவில் 2015ஆம் ஆண்டு முன்னோட்டமாகத் தொடங்கி 2016இல் விரிவாக்கப்பட்ட வருமான ஒத்திசைவுத் திட்டம் மக்கள் வழக்கில் ‘ரோபோடெட்’ எனப் பெயர் பெற்றது. இத்திட்டத்தில் கற்கும் இயந்திரம் எதுவும் இல்லை. வரித்துறைப் பதிவிலுள்ள வருமானத்தை இருவார அளவிலான சராசரியாக வகுத்து, உதவித்தொகை பெற்றவர் இருவாரத்திற்கு ஒருமுறை அறிவித்த வருமானத்தோடு கணினி ஒப்பிட்டது. ஓராண்டுப் பதிவாயின் 26ஆல் வகுத்தல் என்பதே அதன் கணக்கு.

இக்கணக்கின் பிழையை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஒருவர் ஆண்டின் முற்பாதியில் இருவாரத்திற்கு 2,000 டாலர் வீதம் 13 முறை ஊதியம் பெற்று, பிற்பாதியில் வேலையிழந்து உதவித்தொகை பெற்றார் எனக் கொள்வோம். அவர்தம் ஆண்டு வருமானம் 26,000 டாலர். கணினி அதனை 26ஆல் வகுத்து, ஒவ்வோர் இருவாரமும் அவர் 1,000 டாலர் ஈட்டினார் எனக் கருதும். வேலையற்ற காலத்தில் வருமானம் இல்லையென அவர் உண்மையாகவே அறிவித்திருப்பினும் அது பொய்யாகக் கொள்ளப்பட்டு, பெற்ற உதவித்தொகை கடனாக மாறும். தகுதியை இருவார வருமானத்தைக் கொண்டே கணிக்க வேண்டும் என்று சட்டம் கூறியிருக்க, ஆண்டுச் சராசரியைக் கொண்டு கடன் சுமத்தியதற்குச் சட்ட அடிப்படை இருக்கவில்லை.

முன்னர் இத்தகைய முரண்பாடு தோன்றினால் அலுவலர் ஒருவர் வேலை அளித்தவரிடம் ஊதிய விவரம் கேட்டு உண்மையறிவது வழக்கம். புதிய திட்டம் அப்பணியைக் கைவிட்டது. பல ஆண்டுகளுக்கு முந்தைய ஊதியச் சீட்டுகளைத் தேடிக் கொணரும் பொறுப்பு உதவித்தொகை பெற்றவரிடம் விடப்பட்டது. கொணர இயலாதவர் கடனாளியானார்.

நிர்வாக மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் உறுப்பினராக இருந்த சட்டப் பேராசிரியர் டெரி கார்னி, இக்கடன்களுக்குச் சட்ட அடிப்படை இல்லையென 2017ஆம் ஆண்டிலேயே முடிவு வழங்கினார். அரசு அதனை எதிர்த்து மேல்முறையீடு செய்யவில்லை. மேல்முறையீடு நிகழாமையால் அம்முடிவு பொதுவெளியை எட்டவில்லை. திட்டம் தொடர்ந்தது. 2019 நவம்பரில் கூட்டாட்சி நீதிமன்றத்தின் ஆணை வந்த பின்னரே அது தளர்ந்தது. 2020 மே மாதத்தில் 4,70,000 கடன்களுக்குரிய 72.1 கோடி ஆஸ்திரேலிய டாலரைத் திருப்பி அளிப்பதாக அரசு அறிவித்தது. கேத்தரின் ஹோம்ஸ் தலைமையிலான அரச ஆணையம் 2023 ஜூலை 7 அன்று 57 பரிந்துரைகளுடன் அளித்த அறிக்கை, இத்திட்டம் நேர்மையானதும் அன்று, சட்டத்திற்கு உட்பட்டதும் அன்று எனத் தீர்மானித்தது. கடன் கடிதங்களால் மனமுடைந்து உயிரை மாய்த்துக்கொண்டோரின் குடும்பத்தினர் அவ்வாணையத்தின் முன் சாட்சியம் அளித்தனர்.

சுமை இடம்பெயர்தல்

இவ்விரு நிகழ்வுகளையும் ஒப்பிடுங்கால், தொழில்நுட்பத்தால் அவை நேர்மாறானவை என்பது தெளிவாகும். ஒன்று தானே கற்கும் சிக்கலான முறை. மற்றொன்று பள்ளி மாணவரும் செய்யக்கூடிய வகுத்தல். ஆயினும் விளைவு ஒன்றே. ஆகவே, இயந்திரத்தின் அறிவு மிகுந்தமையோ குறைந்தமையோ இத்தீங்கிற்குப் போதிய காரணமாகாது. இரண்டிலும் பொதுவாக அமைந்த மூன்று கூறுகளை இங்குச் சுட்டலாம்.

முதலாவது, பலரைப் பற்றிய பொதுக்கணிப்பு தனியொருவரைப் பற்றிய உண்மையாகக் கொள்ளப்பட்டமை. சராசரி என்பதும் ஐயமதிப்பெண் என்பதும் உய்த்துணர்வுகளே. விசாரணையைத் தொடங்க அவை உதவலாம். தீர்ப்பாக அமையும் தகுதி அவற்றுக்கு இல்லை. இரண்டாவது, மெய்ப்பிப்புச் சுமை மாறியமை. குற்றம் சாட்டுபவரே அதனை மெய்ப்பிக்க வேண்டும் என்னும் இயற்கை நீதி தலைகீழாகி, தாம் குற்றமற்றவர் என்பதைக் குடிமகனோ குடிமகளோ மெய்ப்பிக்க வேண்டியதாயிற்று. மூன்றாவது, காரணம் மறைக்கப்பட்டமை. எதனை மறுக்க வேண்டும் என்று அறியாதவர் எதனைச் சான்றாகக் காட்டுவார்?

சிலப்பதிகாரம் காட்டும் படிப்பினை

ஐயமே தீர்ப்பாகும் இந்நிலையைத் தமிழிலக்கியம் நெடுங்காலத்திற்கு முன்பே தன் மையச் சிக்கலாக எடுத்தாண்டுள்ளது. சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையில் பாண்டியன் இடும் ஆணை நிபந்தனை வடிவிலானது. அரசியின் சிலம்பு அக்கள்வன் கையில் இருக்குமாயின் என்பதே அதன் நிபந்தனை. சிலம்பு ஒத்திருப்பதையும் அதுவே ஆவதையும் பிரித்தறியும் விசாரணை அங்கு நிகழவில்லை. கோவலனைக் கண்ட காவலருள் ஒருவர், தோற்றத்தால் இவன் கொலைக்குரியவன் அல்லன் என ஐயுறுகிறார். அதற்குப் பொற்கொல்லன் கோவலனைப் பற்றிய சான்று எதனையும் தரவில்லை. கள்வர் பொதுவாகக் கைக்கொள்ளும் எட்டுத் துணைகளை விரித்துரைக்கிறான். கள்வர் என்னும் வகையைப் பற்றிய பொதுவறிவு, கோவலன் என்னும் தனியாளைப் பற்றிய சான்றின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. ஐயுற்றவருக்கு ஆணையை நிறுத்தும் அதிகாரம் இல்லை. நெதர்லாந்தில் மதிப்பெண்ணை நோக்கியிருந்த அலுவலரின் நிலையும் இதனை ஒத்ததே.

பின்னர் வழக்குரை காதையில் மெய்ப்பிப்புச் சுமை முழுவதும் கண்ணகியின் மேல் விழுகிறது. தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என அவள் உடைத்துக் காட்டிய பின்னரே உண்மை நிலைபெறுகிறது. அதற்குள் ஓர் உயிர் போய்விட்டது. மெய்ப்பிப்பு எத்துணை முழுமையானதாயினும், தண்டனைக்குப் பின் வருமாயின் அது நீதியாகாது என்பதே இக்காப்பியத்தின் படிப்பினை.

ஆளுகை முயற்சிகள்

மேற்கண்ட அனுபவங்களின் பின்னணியில் சட்டங்கள் உருவாகி வருகின்றன. நெதர்லாந்தில் முறைகேடுகளைக் கண்டறியப் பல துறைத் தரவுகளை இணைத்த ‘சிரி’ என்னும் மற்றொரு முறையைத் தி ஹேக் மாவட்ட நீதிமன்றம் 2020 பிப்ரவரி 5 அன்று தடுத்தது. செயல்முறை வெளிப்படையாக இல்லாததும், அதனைச் சரிபார்க்க இயலாததும் தனிவாழ்வுரிமையை மீறுவதாக அத்தீர்ப்பு கருதியது. 2024 ஆகஸ்ட் 1 அன்று நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியச் செயற்கை நுண்ணறிவுச் சட்டம், பொது உதவித்தொகைக்கான தகுதியை மதிப்பிடும் முறைகளை உயர் ஆபத்துடையவை என வகைப்படுத்துகிறது. மனிதக் கண்காணிப்பை வலியுறுத்துவதோடு, பாதிக்கப்பட்டவர் விளக்கம் பெறும் உரிமையை 86ஆம் பிரிவில் அளிக்கிறது. எனினும், விதிவழித் தானியக்கத்தில் மனிதர் மட்டுமே வகுத்த விதிகளைக் கொண்ட முறைகள் அச்சட்டத்தின் வரையறைக்குள் பொதுவாக வருவதில்லை. ரோபோடெட் போன்ற வகுத்தல் கணக்கு அவ்வலையில் சிக்காமல் நழுவிவிடக் கூடும். ஆதலின், கருவியின் நுட்பத்தை அளவுகோலாகக் கொள்வதினும், முடிவு குடிமக்கள் வாழ்வில் ஏற்படுத்தும் விளைவை அளவுகோலாகக் கொள்வதே பொருத்தமாகும்.

இந்தியாவில் 2023ஆம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவரைப் பாதிக்கும் முடிவெடுக்கப் பயன்படும் தரவு முழுமையாகவும் துல்லியமாகவும் இருக்க வேண்டும் என 8ஆம் பிரிவில் கூறுகிறது. தானியங்கி முடிவுக்கு விளக்கம் பெறும் தனி உரிமை அதில் இல்லை. ஆனால், அதற்கும் முற்பட்ட தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005இன் 4(1)(ஈ) பிரிவு, நிர்வாக முடிவுகளுக்குரிய காரணங்களைப் பாதிக்கப்பட்டோருக்கு அளிக்கப் பொது அதிகார அமைப்புகளைக் கடமைப்படுத்துகிறது. முடிவை எடுத்தது மனிதரா கணினியா என்னும் வேறுபாட்டை அப்பிரிவு செய்யவில்லை. எனவே, காரணம் கூறும் கடமையைப் புதிதாகத் தோற்றுவிக்க வேண்டியதில்லை. கணினி முடிவுகளுக்கும் அதனைத் தவறாது பொருத்துவதே தேவை.

தமிழ்நாடு அரசு 2020ஆம் ஆண்டிலேயே பாதுகாப்பான, அறநெறி சார்ந்த செயற்கை நுண்ணறிவுக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. மக்கள் பயன்பாட்டிற்கு வருமுன் இத்தகைய முறைகளை வெளிப்படைத்தன்மை, பொறுப்புடைமை, நேர்மை முதலிய அளவைகளால் மதிப்பிட வேண்டும் என்பது அதன் நோக்கம். நடைமுறை அனுபவத்திற்குக் கலைஞர் மகளிர் உரிமைத்தொகைத் திட்டத்தைக் கருதலாம். 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய இத்திட்டத்திற்கு ஏறத்தாழ 1.63 கோடி விண்ணப்பங்கள் வந்தன. ஏறத்தாழ 1.06 கோடி மகளிர் தெரிவாயினர். ஏற்கப்படாதோருக்குக் காரணம் குறுஞ்செய்தியாக அனுப்பப்பட்டு, 30 நாட்களுக்குள் வருவாய்க் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யும் வழியும் வகுக்கப்பட்டது. காரணம், காலவரையறை, பெயர் சுட்டக்கூடிய ஓர் அலுவலர் ஆகிய இம்மூன்றும் எதிர்காலத் தானியங்கி முறைகள் எவற்றுக்கும் குறைந்த அளவு வேண்டுவன.

காரணத்தின் மொழி

காரணம் கூறப்பட்டால் மட்டும் போதாது. அது மறுக்கத்தக்க வடிவில் கூறப்பட வேண்டும். “தகுதியின்மையால் நிராகரிக்கப்பட்டது” என்னும் தொடரையும், “உங்கள் வீட்டு மின் இணைப்பின் ஓராண்டு நுகர்வு 3,600 யூனிட்டைக் கடந்ததாக மின்வாரியப் பதிவு காட்டுவதால் கோட்டாட்சியர் அலுவலகம் இவ்விண்ணப்பத்தை ஏற்கவில்லை” என்னும் தொடரையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு ஒப்பிடலாம். முதல் தொடரைப் பெறும் பெண் செய்யத்தக்கது ஏதுமில்லை. இரண்டாவதைப் பெறுபவர், அம்மின்மானி மூன்று குடித்தனங்களுக்கும் பொதுவானது என விடை கூற முடியும்.

இவ்விரு தொடர்களின் வேறுபாடு இலக்கண வேறுபாடுமாகும். முதல் தொடர் செயப்பாட்டு வினையால் செய்தவரை மறைக்கிறது. “கணினியால் நிராகரிக்கப்பட்டது” என விரித்தாலும் சிக்கல் தீர்வதில்லை. மூன்றாம் வேற்றுமை வினைமுதல், கருவி ஆகிய இரு பொருளுக்கும் உரியது. ‘ஆல்’ உருபு இங்குக் கணினியைக் கருவியாகச் சுட்டுகிறதா, வினைமுதலாகச் சுட்டுகிறதா என்பது தெளிவாவதில்லை. இம்மயக்கத்திற்குள் பொறுப்பு மறைந்துபோகும். தொல்காப்பிய வேற்றுமை மயங்கியல் தொழில் முதனிலைகளை எட்டாக வகுக்குமிடத்துச் செய்வதையும் கருவியையும் வெவ்வேறாக எண்ணுகிறது. அவ்வேறுபாடு நிர்வாக மொழியில் காக்கப்படுதல் வேண்டும். கணினி கருவி, முடிவெடுத்த அலுவலகமே வினைமுதல்.

துயர்தீர்ப்பு வேண்டும் முறையீட்டை ஒன்றியத்திலோ மாநிலத்திலோ வழங்கும் எம்மொழியிலும் அளிக்கும் உரிமையை அரசமைப்பின் 350ஆம் உறுப்பு தருகிறது. விடை எம்மொழியில் வரவேண்டும் என்பதை அவ்வுறுப்பு கூறவில்லை. தமிழ் 1956ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஆட்சிமொழியான மாநிலத்தில், கணினி அளிக்கும் காரணம் தமிழிலேயே, பெறுபவர் படித்தோ கேட்டோ புரிந்துகொள்ளும் எளிய தொடராக அமைதல் ஆளுகையின் பகுதியாகிறது. ஆங்கிலக் குறியீட்டைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்த செய்தி இத்தேவையை நிறைவுசெய்யாது. தமிழ்த்துறைகள் செயற்கை நுண்ணறிவு ஆளுகைக்குப் பங்களிக்கத்தக்க பணி இங்கு உள்ளது.

முடிவுரை

இவ்வாய்வின் வழிப் பெறப்படும் முடிவுகள் வருமாறு:

1. நெதர்லாந்து, ஆஸ்திரேலியா ஆகிய இரு நாடுகளிலும் வேறுபட்ட தொழில்நுட்பங்கள் ஒரே தீங்கை விளைவித்தன. எனவே, ஆளுகையின் வரம்பு கற்கும் இயந்திரத்தோடு நில்லாது, குடிமக்களைப் பாதிக்கும் தானியங்கி முடிவுகள் அனைத்தையும் தழுவ வேண்டும்.

2. ஐயமதிப்பெண்ணும் சராசரியும் விசாரணைக்குத் தொடக்கமாகலாம், தீர்ப்பாகலாகாது. மெய்ப்பிப்புச் சுமை அரசிடமே நிலைபெற வேண்டும்.

3. காரணம் அறியாத, நிறுத்தும் அதிகாரமற்ற அலுவலர் இருப்பதை மனிதக் கண்காணிப்பு எனக் கொள்ள இயலாது.

4. விசாரணை முடியும்வரை உதவித்தொகையை நிறுத்துவதும் கடன் வசூலிப்பதும் தவிர்க்கப்பட வேண்டும். தண்டனைக்குப் பின் வரும் மெய்ப்பிப்பு இழப்பை ஈடுசெய்வதில்லை.

5. முடிவுக்குரிய காரணம், வினைமுதல் வெளிப்படையாக அமைந்த தொடரில், பெறுபவரின் மொழியில், மறுக்கத்தக்க விவரத்துடன் வழங்கப்பட வேண்டும்.

கணினி முறைகள் நிர்வாகத்தின் விரைவைப் பெருக்குகின்றன. தவறு நேருமிடத்து அத்தவறும் அதே விரைவில் இலட்சக்கணக்கான வீடுகளைச் சென்றடைகிறது என்பதை இரு நாடுகளின் அனுபவமும் காட்டிற்று. நலத்திட்டங்கள் விரிந்த மாநிலமாகிய தமிழ்நாடு, இத்தகைய முறைகள் வேரூன்றுமுன் அவற்றின் காரணத்தையும் அக்காரணத்தின் மொழியையும் வரையறுத்துக்கொள்வது பயனுடையதாகும்.